சிறிய ஸ்போர்ட்ஸ் காருக்கு வேறு எஞ்சின்: வீட்டிலேயே மாற்றும் முறை

எஞ்சினை இறக்குவதும் ஏற்றுவதும் இந்த வேலையின் மிகச் சிறிய பகுதி. ஒரு எஞ்சின் கிரேனும் உதவிக்கு ஒருவரும் இருந்தால் பழைய எஞ்சினை ஒரே நாளில் வெளியே எடுத்துவிடலாம். மாதக்கணக்கில் நேரத்தை விழுங்குபவை அதைச் சுற்றியுள்ளவைதான்: சம்ப் (எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டி), எஞ்சின் மவுண்ட் (எஞ்சினைத் தாங்கும் பிடிமானம்), கியர்பாக்ஸ் இணைப்பு, புரொப்பல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின்பக்கம் கொண்டுபோகும் தண்டு), எரிபொருள் குழாய், ரேடியேட்டர், வயரிங். பாதியில் நின்று தார்ப்பாயின் கீழ் கிடக்கும் கார்களைப் பார்த்தால், அநேகமாக எஞ்சின் உள்ளே அமர்ந்திருக்கும். வயரிங்கோ எக்ஸாஸ்ட்டோ முடியாமல் கிடக்கும். ஆகவே இந்தக் கட்டுரையில் அந்தச் சுற்றுவேலைகளுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எந்த எஞ்சின்?

தொழிற்சாலைகளே இந்த மாற்றத்தைச் செய்து காட்டியிருக்கின்றன. சன்பீம் ஆல்பைன் என்ற நான்கு சிலிண்டர் காரில் ஃபோர்டின் 4.3 லிட்டர் வி8 (வி வடிவில் எட்டு சிலிண்டர்கள் கொண்ட) எஞ்சினைப் பொருத்தி 1964இல் சன்பீம் டைகர் வந்தது. எஞ்சின் உள்ளே செல்வதற்காக அதன் ஸ்டீயரிங் பெட்டியைக் கழற்றிவிட்டு ரேக் அண்ட் பினியன் வைக்க வேண்டியிருந்தது; ஒரு ஸ்பார்க் பிளக்கை எட்டுவதற்கு எஞ்சின் அறைக்குப் பின்னுள்ள தடுப்புத் தகட்டில் துளையிட்டு, ரப்பர் மூடி போட வேண்டியிருந்தது. 1973இல் வந்த எம்ஜிபி ஜிடி வி8 காரின் கதை வேறு. அதில் பொருத்தப்பட்ட ரோவர் 3.5 லிட்டர் எஞ்சின் முழுக்க அலுமினியத்தால் ஆனது. பழைய நான்கு சிலிண்டர் எஞ்சினோ வார்ப்பிரும்பு. அதனால் கொள்ளளவு ஏறக்குறைய இரு மடங்கானபோதும் காரின் மூக்கு கனக்கவில்லை. எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும்போது குதிரைத்திறனுக்கு முன்பாக எடையையும் வடிவத்தையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இந்த இரண்டு கார்களும் போதும்.

இன்று வீடுகளில் இந்த வேலைக்கு மிக அதிகமாக உள்ளாகும் கார் மாஸ்டா எம்எக்ஸ்-5 ஆகத்தான் இருக்கும். 1989இல் வந்த முதல் தலைமுறைக் காரில் இருந்தது இரும்பு பிளாக்கும் (சிலிண்டர்கள் உள்ள உடல்) அலுமினிய ஹெட்டும் (அதன் மேல் அமரும் பகுதி) கொண்ட 1.6 லிட்டர் எஞ்சின். அதன் இடத்தில் ஹோண்டாவின் கே வரிசை எஞ்சின்களையும், ஃபோர்டும் மாஸ்டாவும் பகிர்ந்துகொண்ட 2.0, 2.5 லிட்டர் அலுமினிய எஞ்சின்களையும், ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வகை வி8களையும் பலர் பொருத்தியிருக்கிறார்கள். மூன்றாம் தலைமுறை எம்எக்ஸ்-5 வைத்திருப்பவருக்கு வேலை இன்னும் எளிது. அதில் ஏற்கெனவே இருக்கும் 2.0 லிட்டர் எஞ்சினும் சாதாரண செடான் கார்களில் வந்த 2.5 லிட்டர் எஞ்சினும் ஒரே குடும்பம் என்பதால், சம்ப், இன்டேக், பெல் ஹவுசிங் (எஞ்சினோடு சேரும் கியர்பாக்ஸின் முன்கூடு) எனப் பல பாகங்களை பழைய எஞ்சினிலிருந்தே எடுத்துப் பயன்படுத்த முடியும்.

என் கருத்தைச் சொல்வதானால், முதன்முறை இந்த வேலையில் இறங்குபவர் அலுமினியத்தாலான நான்கு சிலிண்டர் எஞ்சினையே தேர்ந்தெடுக்க வேண்டும். சுமார் 950 கிலோ எடையுள்ள காரில் 200 குதிரைத்திறன் என்பதே பெரிய வேகம். அதற்கு மேல் போனால் டிஃபரென்ஷியல் (பின்சக்கரங்களுக்குத் திறனைப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி), ஆக்ஸில், பிரேக், குளிர்விப்பு என ஒவ்வொன்றும் தனித்தனி வேலையாக வளரும். முதல் தலைமுறை 1.6 எம்எக்ஸ்-5இன் சிறிய டிஃபரென்ஷியல் கூடுதல் முறுக்குவிசையைத் தாங்காமல் உடைவது பலரும் அறிந்த விஷயம், பிந்தைய 1.8 காரில் வந்த பெரிய டிஃபரென்ஷியலை அதே காருக்கு மாற்றிவிட்டு எஞ்சின் வேலையைத் தொடங்குவது நல்லது.

தேர்வின்போது சரிபார்க்க வேண்டிய இன்னொன்று எஞ்சின் சுழலும் திசை. ஹோண்டாவின் பழைய பி வரிசை எஞ்சின்கள் பெரும்பாலான எஞ்சின்களுக்கு எதிர்த்திசையில் சுழல்பவை. அப்படிப்பட்ட எஞ்சினை வழக்கமான பின்சக்கர இயக்கக் கியர்பாக்ஸுடன் இணைத்தால் முன்னோக்கிச் செல்ல ஒரே ஒரு கியரும், பின்னோக்கிச் செல்ல மற்ற எல்லாக் கியர்களும்தான் கிடைக்கும். கே வரிசையில் இந்தச் சிக்கல் இல்லை.

முழு வண்டியாக வாங்குங்கள்

தனி எஞ்சினாக வாங்குவது மலிவாகத் தெரியும்; ஆனால் விடுபட்ட பாகங்களை ஒவ்வொன்றாகத் தேடி வாங்கி முடிக்கையில் செலவு முழுக் காரின் விலையைத் தாண்டிவிடும். விபத்தில் பின்பக்கம் அடிபட்ட, எஞ்சின் ஓடும் நிலையிலுள்ள முழுக் காரை வாங்க முடிந்தால் அதுவே சிறந்த வழி. வாங்குவதற்கு முன் எஞ்சினைக் குளிர்ந்த நிலையிலிருந்து ஓடவிட்டுப் பார்க்கலாம், ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் (பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம்) அளக்கலாம், ஸ்கேனரை மாட்டிப் பழுதுக் குறியீடுகளைப் படிக்கலாம். நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரஷன் அளவுகள் ஒன்றுக்கொன்று 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருந்தால் போதுமானது.

அந்தக் காரிலிருந்து எஞ்சினோடு சேர்த்து எடுக்க வேண்டியவை பல. ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), முழு வயரிங் ஹார்னஸ் (வயர்களின் கட்டு), ஃபியூஸ் பெட்டி, ரிலேக்கள், எல்லா ஆக்சிஜன் சென்சார்களும், காற்று அளவைச் சென்சார் உள்ள குழாய், ஆக்ஸிலரேட்டர் பெடல், சாவி, சாவியை அடையாளம் காணும் இம்மொபிலைசர் வளையம் ஆகியவை எதையும் விடக்கூடாது. த்ராட்டிலைக் கேபிள் இழுக்காமல் மோட்டார் இயக்கும் எஞ்சின்களில் பெடலும் ஈசியூவும் ஒன்றுக்கொன்று பொருந்தியவை. வேறு பெடலை மாட்டினால் ஈசியூ பெரும்பாலும் பாதுகாப்பு நிலைக்குப் போய் எஞ்சினை முழுத் திறனில் ஓடவிடாது. வயர்களை வெட்டி எடுக்காமல் கனெக்டரைக் கழற்றி எடுங்கள். கழற்றும்போதே ஒவ்வொரு கனெக்டரிலும் பெயர் எழுதிய சீட்டை ஒட்டிப் படமும் எடுத்துவிடுங்கள். மூன்று மாதம் கழித்து எந்தக் கனெக்டர் எதற்கு என்று நினைவிருக்காது.

எஞ்சின் எண், எரிபொருள், கொள்ளளவு ஆகியவை வாகனப் பதிவில் இருப்பவை. சில இடங்களில் இந்த மாற்றத்துக்கு அனுமதியே கிடையாது. சில இடங்களில் பொறியாளர் சான்றும் புகைப் பரிசோதனையும் வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டியிருக்கும். ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்பே பதிவு அலுவலகத்தில் எழுத்து வடிவில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அளந்து பார்ப்பது

சிறிய காரில் எஞ்சின் எங்கே இடிக்கும் என்பது மூன்று இடங்களிலேயே தீர்மானமாகிறது: கீழே கிராஸ்மெம்பரும் (காரின் குறுக்குச் சட்டம்) ஸ்டீயரிங் ரேக்கும், மேலே பானட், பக்கவாட்டில் ஸ்டீயரிங் ஷாஃப்ட். முன்சக்கர இயக்கக் கார்களில் குறுக்காக அமர்ந்திருந்த எஞ்சினை நீளவாக்கில் வைக்கும்போது சம்பின் ஆழமான பகுதி சரியாகக் கிராஸ்மெம்பர் மேல் வந்து நிற்கும். என் முதல் வேலையில் இதை அளக்காமல், சம்ப் எப்படியும் பொருந்திவிடும் என்று நம்பி மவுண்ட்களை வெல்டிங் செய்துவிட்டேன். எஞ்சின் 30 மில்லிமீட்டர் உயரத்தில் நின்று பானட்டைத் தொட்டது. அத்தனை மவுண்ட்களையும் அறுத்து எடுத்துப் புதிதாகச் செய்ய நேர்ந்தது. அதன் பிறகு சம்ப் தயாராகும் வரை மவுண்ட் வேலையைத் தொடுவதே இல்லை.

சம்பை மாற்றி அமைத்தால் ஆயில் உறிஞ்சும் குழாயையும் கூடவே மாற்ற வேண்டும். அதன் வாய்க்கும் சம்பின் அடித்தகட்டுக்கும் இடையே 6 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். வளைவுகளில் வேகமாகத் திரும்பும் காரில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சினால் பேரிங்குகள் சில நொடிகளில் கெட்டுவிடும். ஆகவே உறிஞ்சும் வாயைச் சுற்றித் தடுப்புத் தகடுகளை வைப்பது அவசியம். அந்த எஞ்சினுக்கும் உங்கள் காருக்குமென்றே யாராவது வார்த்து விற்கும் சம்ப் கிடைத்தால், நீங்களே தகடு வெட்டி ஒட்டுவதைவிட அதை வாங்குவதே மேல்.

அளவெடுப்பதற்கு எளிய வழி, உள்பாகங்கள் இல்லாத வெற்று பிளாக்கையும் ஹெட்டையும் கியர்பாக்ஸோடு சேர்த்துக் கிரேனில் தொங்கவிட்டு, காரின் உள்ளே இறக்கிப் பார்ப்பது. எடை குறைவு என்பதால் ஒருவரே நகர்த்தலாம். பானட்டுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று அறிய, எஞ்சினின் உயர்ந்த இடங்களில் களிமண் உருண்டைகளை வைத்துப் பானட்டை மெதுவாக மூடித் திறந்து, நசுங்கிய உருண்டையின் தடிமனை அளந்தால் போதும். ரப்பர் மவுண்ட் மேல் அமரும் எஞ்சின் ஓடும்போது அசையும் என்பதால் எல்லாத் திசைகளிலும் 20 மில்லிமீட்டருக்குக் குறையாத இடைவெளி வேண்டும். எக்ஸாஸ்ட் குழாய்க்கும் பிரேக் குழாய், எரிபொருள் குழாய், வயரிங் ஆகியவற்றுக்கும் இடையே 50 மில்லிமீட்டராவது விட்டு, நடுவே வெப்பத் தடுப்புத் தகடும் வையுங்கள். ஸ்டார்ட்டர், ஆயில் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் ஆகியவற்றை எஞ்சினைக் கழற்றாமல் மாற்ற முடியுமா என்பதையும் இதே கட்டத்தில் பார்த்துவிட வேண்டும்.

எஞ்சினை எவ்வளவு பின்னுக்குத் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள். முன்சக்கர அச்சுக்குப் பின்னால் எடை இருப்பதுதான் இந்தக் கார்களின் திருப்பும் சுகத்துக்குக் காரணம். அதைக் கெடுத்துவிட்டுக் கூடுதல் குதிரைத்திறனைப் பெறுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

மவுண்ட், கியர்பாக்ஸ், ஷாஃப்ட்

எஞ்சின் பொதுவாகப் பின்பக்கம் சுமார் 3 டிகிரி தாழ்ந்து அமரும். கியர்பாக்ஸ் வெளியீட்டு ஷாஃப்ட்டின் கோணமும் டிஃபரென்ஷியல் உள்ளீட்டு ஷாஃப்ட்டின் கோணமும் ஒன்றுக்கொன்று இணையாக, ஒரு டிகிரிக்குள் சமமாக இருக்க வேண்டும். அப்போதுதான் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் உள்ள யுனிவர்சல் ஜாயின்ட்கள் (கோணத்திலும் சுழல விடும் மூட்டுகள்) உண்டாக்கும் வேக ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று சமன்செய்யும். ஜாயின்ட்டின் கோணம் 3 டிகிரிக்குள் இருப்பது நல்லது. பூஜ்யமாக இருப்பதும் நல்லதல்ல, ஊசி பேரிங்குகள் உருளாமல் ஒரே இடத்தில் தேயும். டிஜிட்டல் கோணமானி ஒன்றை வாங்கி, கார் தரையில் தன் சக்கரங்கள் மேல் நிற்கும்போது அளந்துகொள்ளுங்கள்.

எம்எக்ஸ்-5இல் கியர்பாக்ஸின் வாலையும் டிஃபரென்ஷியலையும் நீண்ட அலுமினியச் சட்டம் ஒன்று இணைக்கிறது. வேறு கியர்பாக்ஸ் வைத்தால் அந்தச் சட்டம் பொருந்தாது; கியர்பாக்ஸுக்குத் தனிக் கிராஸ்மெம்பரும், டிஃபரென்ஷியலின் மூக்கைப் பிடித்துக்கொள்ளத் தனி மவுண்ட்டும் செய்யாவிட்டால் டிஃபரென்ஷியல் முறுக்கிக்கொண்டு மேலே எழும்பும்.

பழைய கியர்பாக்ஸையே வைத்துக்கொண்டு இடையில் அடாப்டர் தகடு போடுபவர்கள் ஒன்றை நன்றாகக் கவனிக்க வேண்டும். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒரே மையத்தில் நிறுத்துபவை டோவல் பின்கள் (துளையில் இறுக்கமாக அமரும் சிறு உருளைகள்). போல்ட்கள் இறுக்கிப் பிடிக்க மட்டுமே. டோவல் இல்லாத தகடு எவ்வளவு அழகாக வெட்டப்பட்டிருந்தாலும் வாங்காதீர்கள். பிளைவீலில் டயல் கேஜை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவி) மாட்டிச் சுழற்றி, பெல் ஹவுசிங் துளையின் மைய விலகலை அளந்தால் முள் காட்டும் மொத்த அசைவு 0.13 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கூடினால் கியர்பாக்ஸின் முன் பேரிங்கும் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதியும் சீக்கிரம் கெடும்.

கிளட்ச் விஷயத்தில் மாஸ்டர் சிலிண்டரின் (பெடலை மிதிக்கும்போது எண்ணெயைத் தள்ளும் சிலிண்டர்) விட்டம்தான் பலரையும் குழப்புகிறது. தள்ளப்படும் எண்ணெயின் அளவு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 15.9 மில்லிமீட்டரிலிருந்து 19 மில்லிமீட்டருக்கு மாறினால் அதே பெடல் தூரத்தில் சுமார் 43 சதவீதம் கூடுதல் எண்ணெய் நகரும். பெடலும் அதே அளவு கனக்கும். ரிலீஸ் பேரிங்குக்கும் பிரஷர் பிளேட்டின் விரல்களுக்கும் உள்ள இடைவெளியைப் பெல் ஹவுசிங்கை மூடுவதற்கு முன்பே அளந்து சரிசெய்துவிடுங்கள். மூடிய பிறகு தவறு தெரிந்தால் கியர்பாக்ஸை மறுபடியும் இறக்க வேண்டியதுதான்.

கியர் விகிதத்தைக் காகிதத்தில் கணக்கிடலாம். 185/60 ஆர்14 டயரின் சுற்றளவு சுமார் 1.81 மீட்டர். ஐந்தாவது கியர் 0.814, டிஃபரென்ஷியல் 4.3 என்று இருக்கும் முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 நிமிடத்துக்கு 3000 சுற்றில் மணிக்கு ஏறக்குறைய 93 கிலோமீட்டர் போகும். உயர் சுழற்சியில் திறன் காட்டும் எஞ்சினுக்கு அது பொருத்தம். குறைந்த சுழற்சியிலேயே இழுக்கும் பெரிய எஞ்சினுக்கு அது மிகவும் குட்டையானது. டிஃபரென்ஷியலை 3.2 ஆக்கினால் அதே சுழற்சியில் சுமார் 125 கிலோமீட்டர் கிடைக்கும்.

மவுண்ட்களை எஞ்சின் சரியான இடத்தில் நிற்கும்போது புள்ளி வெல்டிங் மட்டும் செய்து, வெளியே எடுத்த பிறகு முழுமையாக வெல்டிங் செய்யுங்கள். காரில் எந்த வெல்டிங் செய்தாலும் பேட்டரி இணைப்பைக் கழற்றி, ஈசியூவையும் பிடுங்கி வைத்துவிட வேண்டும். காரின் அடியில் வேலை செய்யும் ஒவ்வொரு முறையும் அது ஸ்டாண்டுகள் மேல் நிற்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பது உயிரைப் பணயம் வைப்பது. கிரேனின் கையை நீட்ட நீட்ட அது தாங்கும் எடை குறையும் என்பதையும், தொங்கும் எஞ்சினுக்குக் கீழே கை வைக்கக் கூடாது என்பதையும் உதவிக்கு வருபவருக்கும் சொல்லிவிடுங்கள்.

எரிபொருளும் குளிர்விப்பும்

கார்புரேட்டர் காரில் எரிபொருள் அழுத்தம் 0.2 முதல் 0.35 பார் வரை. இன்ஜெக்‌ஷன் எஞ்சினுக்கு 3 பார் அளவில் தேவை. எனவே பழைய ரப்பர் குழாயும் பழைய கிளிப்பும் அப்படியே இருக்கக் கூடாது. இன்ஜெக்‌ஷன் அழுத்தத்துக்கென்று குறிக்கப்பட்ட குழாயையும், அதற்குரிய கிளாம்ப்பையும், டேங்க்கிற்குள் பெட்ரோல் அலசும்போது பம்ப் வறண்டுவிடாமல் காக்கும் சிறு தொட்டியையும் பயன்படுத்துங்கள். எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும்படி ரிலேயை ஈசியூவே கட்டுப்படுத்த வேண்டும்; பம்பை நேரடியாக ஒரு சுவிட்சில் இணைப்பவர்கள், விபத்தில் குழாய் கிழிந்தால் பம்ப் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எரியும் எரிபொருளின் ஆற்றலில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கு குளிர்நீர் வழியாக வெளியேறுகிறது. திறன் கூடினால் ரேடியேட்டரும் பெரிதாக வேண்டும். அதைவிட முக்கியம், அதன் வழியாகச் செல்லும் காற்று பக்கவாட்டில் தப்பிவிடாதபடி சுற்றிலும் தகடு வைத்து அடைப்பது. குளிர்நீர் ஊற்றும் வாய் அமைப்பின் மிக உயர்ந்த புள்ளியாக இருக்க வேண்டும். ஸ்போர்ட்ஸ் கார்களின் தாழ்ந்த மூக்கில் ரேடியேட்டர் எஞ்சினைவிடக் கீழே இருப்பதால் ஹெட்டுக்குள் காற்று சிக்கிக்கொள்ளும். எல்எஸ் எஞ்சின்களில் ஹெட்டிலிருந்து ஆவி வெளியேறத் தனிச் சிறு குழாய் உண்டு. அதை அடைத்துவிடாமல் ரேடியேட்டர் மேற்பகுதிக்கோ விரிவுத் தொட்டிக்கோ கொண்டுபோங்கள். ஏசி உள்ள காரானால் வாயுவைக் காற்றில் விடாமல், முதலிலேயே உரிய இயந்திரம் வைத்திருப்பவரிடம் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும்.

வயரிங்

இரண்டு வழிகள் உண்டு. எஞ்சினோடு வந்த ஈசியூவையே அதன் ஹார்னஸோடு வைத்துக்கொள்வது ஒன்று. மெகாஸ்குவிர்ட், லிங்க், ஹால்டெக் போன்ற தனி ஈசியூவைப் பொருத்திப் புதிதாக ட்யூனிங் செய்வது மற்றொன்று. முதல் வழியில் எஞ்சின் குளிரிலும் வெயிலிலும் சீராக ஓடும். ஆனால் இம்மொபிலைசர், ஏபிஎஸ், ஸ்பீடோமீட்டர் ஆகியவற்றிலிருந்து வராத தகவல்களை எதிர்பார்த்து ஈசியூ வேலை செய்ய மறுக்கலாம். இரண்டாவது வழியில் அந்தத் தொல்லை இல்லை. ட்யூனிங் தெரிந்தவர் வேண்டும். புகைப் பரிசோதனை கடுமையான இடத்தில் இருப்பவருக்கு முதல் வழியே பொருந்தும்.

எதைத் தேர்ந்தாலும் இரண்டு கார்களின் வயரிங் வரைபடங்களையும் பெரிய தாளில் அச்செடுத்து, இணையும் வயர்களை மட்டும் ஒரு பட்டியலாக எழுதுங்கள். நிரந்தர 12 வோல்ட், இக்னிஷன் 12 வோல்ட், ஸ்டார்ட்டர், பம்ப் ரிலே, ஃபேன் ரிலே, ஆர்பிஎம் மீட்டர், வெப்பநிலை, ஆயில் அழுத்தம், சார்ஜ் விளக்கு என்று அது பெரும்பாலும் ஒரே பக்கத்தில் முடிந்துவிடும். வயரிங் என்ற பயம் பலருக்கும் அந்தப் பட்டியலை எழுதியவுடன் பாதியாகக் குறையும். எஞ்சினிலிருந்து பாடிக்கும், பேட்டரி எதிர்முனையிலிருந்து எஞ்சினுக்கும் தடித்த எர்த் வயர்கள் வேண்டும். காரணம் புரியாத சென்சார் கோளாறுகளில் பெரும்பங்கு மோசமான எர்த்திலிருந்தே வருகிறது.

முதல் ஸ்டார்ட்

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, இன்ஜெக்டர் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, ஆயில் அழுத்த மீட்டர் அசையும் வரை ஸ்டார்ட்டரைச் சிறு சிறு இடைவெளிவிட்டுச் சுழற்றுங்கள். அழுத்தம் வராமல் அடுத்த கட்டத்துக்குப் போகக் கூடாது. பிறகு பம்பை மட்டும் ஓடவிட்டு, குழாயின் ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த துணியால் தொட்டுக் கசிவு பாருங்கள். தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்க, ஒருவர் சாவியைத் திருப்பட்டும், மற்றவர் எஞ்சினைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். ஓடத் தொடங்கியதும் ஆயில் அழுத்தத்தையும், தெர்மோஸ்டாட் திறக்கும்போது மேல் ஹோஸ் சூடாவதையும், ஃபேன் தானாக ஓடுவதையும் உறுதிசெய்த பின்பே காரை வெளியே எடுக்க வேண்டும்.

முதல் ஓட்டம் குறுகியதாக இருக்கட்டும். அதிர்வு தெரிந்தால் வேகத்தோடு கூடுகிறதா, எஞ்சின் சுழற்சியோடு கூடுகிறதா என்று பிரித்துப் பாருங்கள்; முதலாவது என்றால் ஷாஃப்ட் அல்லது அதன் கோணம், இரண்டாவது என்றால் மவுண்ட் அல்லது எங்கோ உரசும் எக்ஸாஸ்ட். நின்றுகொண்டே நியூட்ரலில் எஞ்சினை முடுக்கினால் இது எளிதில் விளங்கும். திறன் கூடிய காரின் பிரேக் பழைய வேகத்துக்கே அளவெடுத்தது என்பதால், நல்ல பேட்களும் புதிய பிரேக் ஆயிலும் போடும் வரை காரை விரட்ட வேண்டாம். முன்பக்க எடை மாறியிருந்தால் ஸ்ப்ரிங் உயரத்தையும் சக்கரக் கோணங்களையும் சரிபார்க்க வேண்டும்.

100 கிலோமீட்டர் ஓடியதும் மவுண்ட், பெல் ஹவுசிங், ஷாஃப்ட் ஃபிளாஞ்ச் போல்ட்களை டார்க் ரென்ச்சால் மறுபடி சோதித்து, ஒவ்வொன்றின் தலையிலும் பெயிண்ட்டால் ஒரு கோடு போட்டுவையுங்கள். அடுத்த முறை கோடு நகர்ந்திருந்தால் கண்ணுக்கே தெரியும். 500 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றி, கழற்றிய ஃபில்டரை அறுத்துத் திறந்து, மடிப்புகளை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, உலோகத் துகள் மின்னினால் பேரிங்கைப் பார்க்கும் வரை காரை ஓட்டாதீர்கள்.